நம் காசு கொலையைத் தடுக்குமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவி

ஓர் இனத்தையே வேரோடு அழித்துவிடத் துப்பாக்கி ஏந்திய கூட்டம் புறப்பட்டுவிட்ட இடத்தில், கடல் கடந்த ஊரில் இருக்கும் ஒரு மாணவனின் பத்து ரூபாய் என்ன செய்துவிட முடியும்? சூடான் நாட்டு மக்களுக்காக நம் கல்லூரியில் நிதி திரட்டலாம் என்ற பேச்சு வந்தபோது முதலில் எழுந்த வினா இதுதான். கேட்டவர்களைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். தேர்வுக் கட்டணம் கட்டவே வட்டிக்கு வாங்குகிற வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். கையில் இருக்கும் பத்து ரூபாய்க்கு வீட்டில் பத்து வேலை காத்திருக்கிறது. ஆகவே வினா நியாயமானது. அதற்குச் “சிறுதுளி பெருவெள்ளம்” என்று மேடைப் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வதுதான் நியாயமில்லை. துளி எந்த வாய்க்காலில் விழுந்தது, எந்த வயலுக்குப் போனது என்று காட்டினால்தானே அடுத்தவன் தன் துளியை விடுவான்? அதைக் காட்ட முடியுமா என்று நூலகத்தில் அமர்ந்து தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

“அதற்கெல்லாம் அரசுகள் இருக்கின்றன, ஐ.நா. சபை இருக்கிறது” என்பார்கள். இருக்கத்தான் செய்கின்றன. ராபேல் லெம்கின் என்ற போலந்து நாட்டு யூத வழக்கறிஞர் 1944-ல் இக்கொடுமைக்கு ஒரு பெயர் வைத்தார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை அதைத் தடுக்கவும் தண்டிக்கவும் உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. 1959-ல் நம் நாடும் அதை உறுதி செய்தது. ஆனால் 1994-ல் ருவாண்டாவில் நடந்தது என்ன? நூறு நாட்களில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அங்கே காவலுக்கு நின்ற ஐ.நா. படை சுமார் 2,500 பேர். கொலை தொடங்கி இரண்டே வாரத்தில் அதை 270 ஆகக் குறைப்பதென்று பாதுகாப்புச் சபை முடிவு செய்தது. தீப்பிடித்த தெருவிலிருந்து தண்ணீர் வண்டியைத் திருப்பி அழைத்துக்கொண்டதற்கு ஒப்பானது இது. அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்த பால் சைமன் பிற்பாடு மனம் நொந்து ஒன்று சொன்னார். ஒவ்வோர் உறுப்பினருக்கும் அவரவர் தொகுதியிலிருந்து நூறு கடிதம் வந்திருந்தால், அரசின் போக்கு வேறாக இருந்திருக்கும் என்று. நூறே நூறு! நம் கல்லூரியின் ஒரு வகுப்பறையும் அதன் பக்கத்து வகுப்பறையும் சேர்ந்தால் எழுதிவிடலாம். கேட்க ஆள் இல்லாத இடத்தில் அரசுகள் உறங்கும் என்பதையே நான் இதிலிருந்து கற்றேன்.

பத்து ஆண்டு கழித்து அமெரிக்க மாணவர்கள் சிலர் விழித்துக்கொண்டார்கள். அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

சூடானின் மேற்குப் பகுதி தார்பூர். பிரான்சு நாட்டின் அளவுள்ள நிலப்பரப்பு. 2003-ல் அங்கே கிளர்ச்சி மூண்டபோது, சூடான் அரசு ஜன்ஜவீத் எனப்பட்ட குதிரைப் படையினருக்கும் ஒட்டகப் படையினருக்கும் ஆயுதம் கொடுத்து ஏவிவிட்டது. பூர், மசாலித், சகாவா இனத்தாரின் ஊர்கள் கொளுத்தப்பட்டன. சாவு எண்ணிக்கை சுமார் மூன்று லட்சம் இருக்கலாம் என்று 2008-ல் ஐ.நா. மதிப்பிட்டது. உயிர் தப்பியவர்கள் முகாம்களில் அடைந்தார்கள். உலகம் மாவு அனுப்பியது, எண்ணெய் அனுப்பியது. ஆனால் மாவை வேகவைக்க விறகு வேண்டுமே! விறகு முகாமுக்கு வெளியே, பல கல் தொலைவில் இருந்தது. அங்கேதான் ஆயுதக் கூட்டமும் காத்திருந்தது.

விறகு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எரிவாயு வரும் வரையில் என் தாயார் ஏரிக்கரையில் சீமைக் கருவேல முள் வெட்டிக் கட்டிச் சுமந்தவர். நானும் சும்மாடு கூட்டிப் பின்னால் நடந்திருக்கிறேன். விடுமுறைக்குப் போனபோது இந்தத் தார்பூர் செய்தியை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஏன்டி, கூட ஆம்பளைங்க போகக் கூடாதா?” போகலாம். ஆனால் ஆண்கள் போனால் கொல்லப்படுவார்கள். பெண்கள் போனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாவார்கள், ஆனால் பெரும்பாலும் உயிரோடு திரும்புவார்கள். ஆகவே யாரை அனுப்புவது என்று ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் போட்டுப் பெண்களையே அனுப்பியது. இதைச் சொன்னதும் அம்மா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்வார்த்மோர் என்று ஒரு சிறு கல்லூரி. 2004-ல் அங்குள்ள மாணவர்கள் சிலர், இட்லரின் வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்களின் பேரன் ஒருவரும் அவர்களில் உண்டு, புதுமாதிரியாக யோசித்தார்கள். சோறும் மருந்தும் கொடுக்க எத்தனையோ நிறுவனங்கள் இருக்கின்றன. காவலுக்குக் காசு கொடுப்பவர் யார்? அப்போது தார்பூரில் இருந்தது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படை மட்டுமே. பிரான்சு அளவு நிலத்துக்குச் சுமார் ஏழாயிரம் பேர். வண்டிக்கும் எரிபொருளுக்குமே தட்டுப்பாடு. அந்தக் காவலுக்கென்றே மாணவர்கள் நிதி திரட்டத் தொடங்கினார்கள். ஒரு நாள் ஆடம்பரச் செலவை விட்டு அந்தக் காசைக் கொடுங்கள் என்று கல்லூரி கல்லூரியாகக் கேட்டார்கள். சுமார் இரண்டரை லட்சம் டாலர் சேர்ந்தது. விறகு பொறுக்கப் போகும் பெண்களோடு காவல் வண்டிகள் உடன் செல்லும் ஏற்பாட்டுக்கு அது உதவிற்று. வண்டி போன நாளில் பெண்கள் கட்டோடு திரும்பினார்கள். அதற்குமேல் இதில் வீரமும் இல்லை, காவியமும் இல்லை.

இதைப் பற்றி விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது, வரலாற்றுத் துறை விரிவுரையாளர் ஒருவர் மறுத்தார். மாணவர்கள் சீருடைக்காரனுக்குக் காசு கொடுப்பது கத்திக்குச் சாணை பிடிப்பதாகும், நாளை அதே கத்தி யார் பக்கம் திரும்பும் என்று உனக்குத் தெரியுமா என்றார். அவரிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் இதில் அவரோடு உடன்பட என்னால் இயலவில்லை. இன்று சோறிட்டு நாளை அவளைத் தனியே காட்டுக்கு அனுப்புவது அறமாகாது. அவர் சொன்னதில் ஒரு பாதி மட்டும் எனக்குச் சரியாகப் படுகிறது: காவலுக்கென்று கொடுத்த காசு காவலுக்குத்தான் போனது என்று கொடுத்தவன் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

சாணை பிடிக்க அஞ்சுகிறவர்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. அறிவியல் மாணவி என்பதால் இதைச் சொல்லாமல் எனக்கு மேலே போக மனமில்லை.

அசோக் காட்கில் என்ற இயற்பியலாளர். மும்பையில் பிறந்து, மும்பைப் பல்கலைக்கழகத்திலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்து, கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்பவர். 2005-ன் இறுதியில் அவர் தார்பூர் முகாம்களுக்குப் போனார். அங்கே பெண்கள் மூன்று கல் கூட்டித்தான் சமைத்தார்கள். நம் ஊர்த் திருவிழாப் பொங்கல் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பின் வெப்பத்தில் பெரும்பங்கு பானையில் ஏறாமல் காற்றோடு போய்விடும். நம் நாட்டு அடுப்பு மாதிரி ஒன்றை எடுத்து, அந்த ஊருக்கேற்ப அவரும் அவர் குழுவினரும் திருத்தினார்கள். அவர்கள் உணவு களி. கம்பு, சோள மாவில் கிண்டுவது. களி கிண்டத் தெரிந்தவர்களுக்குப் புரியும், துடுப்பை வலித்துக் கிண்டும்போது அடுப்பு ஆடக்கூடாது. ஆகவே அடுப்புக்குத் தரையில் ஊன்றும் முளைகள் வைத்தார்கள். அங்கே காற்று அதிகம்; ஆகவே பானையைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு. விறகை அள்ளித் திணித்துவிடாதபடி சிறிய வாய். செலவு சுமார் இருபது டாலர். விறகுச் செலவு ஏறக்குறையப் பாதியானது. தகடுகளை மும்பையில் வெட்டித் தட்டையாக அடுக்கி அனுப்ப, வட தார்பூரின் தலைநகரான எல் பாஷரில் உள்ளூர்க்காரர்களே பொருத்திக் கொடுத்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் இவ்வாறு போயின.

வாரத்தில் நான்கு முறை காட்டுக்குப் போகவேண்டியவள் இரண்டு முறை போனால் போதும் என்றால், ஆபத்தும் அந்த அளவுக்குக் குறைகிறது. அடுப்பு எந்தக் கொலைகாரனையும் நிறுத்திவிடாது என்பது உண்மையே. ஆயினும், வெப்பக் கடத்தல் என்று நாம் பதிவேட்டில் எழுதி மதிப்பெண் வாங்குகிற பாடம் ஒரு பெண்ணைக் காட்டுப்பாதையிலிருந்து இரண்டு நாள் வீட்டில் இருத்தியது என்று அறிந்தபோது, என் பாடநூலை நான் சற்று மரியாதையோடு மூடினேன்.

அந்த அமெரிக்க இயக்கத்தில் குறைகளே இல்லையா? உண்டு, நிறைய உண்டு. 2006 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டனில் பெருங்கூட்டம் கூடியது, நடிகர்கள் வந்தார்கள், பேசினார்கள். அதன் பிறகு பெரிய அமைப்புகள் பெருகின. தார்பூரைக் காப்போம் என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டமைப்பு திரட்டிய கோடிக்கணக்கான பணம் விளம்பரங்களுக்கும் பிரசாரத்துக்கும் போயிற்றே தவிர, முகாமில் இருந்தவர்களுக்கு நேராகப் போகவில்லை. அவர்கள் அதை மறைக்கவில்லை. எங்கள் வேலை அரசை வற்புறுத்துவது என்றே சொன்னார்கள். ஆனால் காசு போட்டவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள் என்று எண்ணிப் போட்டவர்களே மிகுதி. நான்கு லட்சம் பேர் செத்தார்கள் என்று அவர்கள் செய்த விளம்பரத்தை, உறுதிப்பட்ட உண்மைபோல் சொல்லலாகாது என்று 2007-ல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு கண்டித்தது. தார்பூர் வானில் விமானங்கள் பறக்கத் தடை விதியுங்கள் என்று அவர்கள் கேட்டபோது, களத்தில் வேலை செய்த தொண்டு நிறுவனங்களே “எங்கள் விமானமும் நின்றுவிடும், எங்கள் ஆட்களுக்கும் ஆபத்து” என்று எதிர்த்தன. மூன்று லட்சம் பிணங்கள் போதாதென்று நான்கு லட்சமாக்கியது எதற்காக என்று எனக்கு விளங்கவே இல்லை. எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால் இரக்கம் கூடும் என்ற நினைப்பு, கொல்லப்பட்டவர்களுக்கும் அவமதிப்பு, காசு கொடுப்பவர்களுக்கும் அவமதிப்பு. மறுப்பவன் கையில் ஆயுதம் கொடுப்பதும் அதுவே.

ஆகவே நம் கல்லூரியில் யாராவது நிதி திரட்ட முன்வந்தால், எவ்வளவு வந்தது, யாரிடம் போனது, எதற்குச் செலவாயிற்று என்ற கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். ஒட்டமுடியாதவர்கள் வசூலிக்கவே வரவேண்டாம்.

காசில்லாதவர்கள் என்ன செய்வது? காசில்லாமலும் செய்யலாம் என்பதற்கு 1971 சான்று. அன்று கிழக்குப் பாகிஸ்தானில் பாகிஸ்தான் படை நடத்திய படுகொலைக்கு அஞ்சி ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் நம் நாட்டுக்குள் அகதிகளாக வந்தார்கள். அந்தப் படைக்கு அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து ஆயுதத் தளவாடங்கள் போய்க்கொண்டிருந்தன. அவ்வாண்டு ஜூலையில் பால்ட்டிமோர் துறைமுகத்துக்கு “பத்மா” என்ற பாகிஸ்தான் கப்பல் வந்தபோது, அமைதி விரும்பிகள் சிலர் சின்னஞ்சிறு துடுப்புப் படகுகளில் ஏறிப் போய் அந்தப் பெருங்கப்பலுக்குக் குறுக்கே நின்றார்கள்! காவலர் வந்து கைது செய்தனர். சிரிப்புக்கு இடமான காட்சி என்று கரையில் நின்றவர்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் செய்தி பரவிற்று. பிலடெல்பியாத் துறைமுகத் தொழிலாளர்கள் பாகிஸ்தான் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்ற மறுத்துவிட்டார்கள். சரக்கேற்றிப் பிழைக்கும் கூலிக்காரன் கூலியை விட்டுக் கொடுத்துச் சொன்ன அந்த மறுப்பு எனக்கு எந்தத் தீர்மானத்தைக் காட்டிலும் பெரிதாகப் படுகிறது.

நம் நாட்டிலும் அப்போது ஒரு நிதி திரட்டப்பட்டது. 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் 31 வரை, அனுப்பும் கடிதத்தில் வழக்கமான தலையோடு ஐந்து பைசா அகதிகள் நிவாரணத் தலை ஒன்றையும் ஒட்டவேண்டும் என்று மைய அரசு விதித்தது. கட்டாய வரிதானே, இதில் என்ன தொண்டு என்று கேட்கலாம். வரிதான். ஆனால் வீட்டில் அரை வயிற்றுக் கஞ்சி குடித்த நம் பாட்டன்மார், முகம் தெரியாத வங்காளத்து அகதிக்காக ஒன்றரை ஆண்டு ஐந்தைந்து பைசாவாகக் கொடுத்திருக்கிறார்கள். “நம் வீட்டுக் கூரையே ஒழுகுகிறது, பிறகல்லவா அயலான்” என்ற வாதத்துக்கு என் பதில் அதுவே. கூரை அன்றைக்கும் ஒழுகத்தான் செய்தது. கணியன் பூங்குன்றனாரை மேடைக்கு மேடை அழைத்து மாலை போடுகிற நாம், ஐந்து பைசாவுக்கு மட்டும் அவரை மறந்துவிடுவது எப்படி?

இன்னும் கிட்டே வந்து பார்க்கவேண்டியதும் இருக்கிறது. அமெரிக்க மாணவர்களின் வற்புறுத்தலால், சூடானில் எண்ணெய் எடுத்த சீன நிறுவனத்தின் துணை நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளை 2005-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் விற்றுவிட்டது. அந்தச் சூடான் எண்ணெய்க் கூட்டில் 2003 முதல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வைத்திருந்தது யார்? நம் பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் வெளிநாட்டுக் கிளை. தார்பூர் எரிந்த ஆண்டுகளில் சூடான் அரசின் கருவூலத்துக்குப் போன எண்ணெய்க் காசில் நமக்கும் தொடர்பு இருந்தது. இந்தியக் கல்லூரிகளில் அதைப் பற்றி எவ்வளவு பேசினோம்? இன்று எண்ணெயைவிடத் தங்கம் பெரிதாகிவிட்டது. சூடானில் தோண்டும் தங்கத்தில் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. உருக்கிய தங்கத்துக்கு ஊர் கிடையாது. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த கம்மலில் எந்த மண் ஒட்டியிருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. தார்பூரில் இன்று கொலை செய்யும் படைக்கு அமீரகத்தின் வழியே ஆயுதம் போவதாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று 2024 ஜனவரியில் ஐ.நா. வல்லுநர் குழு எழுதியது. அந்நாடு அதை மறுக்கிறது. நம் உறவினர்கள் அங்கே உழைத்துப் பிழைக்கிறார்கள் என்பதற்காக நாம் வாயை மூடிக்கொள்ளவேண்டுமா என்பது என் கேள்வி. விடை எளிதன்று, எங்கள் மாமாவிடம் நான் இதைப் பேசத் துணியவில்லை.

இன்று என்று சொன்னேன். 2023 ஏப்ரலில் சூடான் இராணுவத்துக்கும், பழைய ஜன்ஜவீத் கூட்டத்திலிருந்து உருவாக்கப்பட்ட விரைவு ஆதரவுப் படைக்கும் போர் மூண்டது. அவ்வாண்டே எல் ஜெனீனா நகரில் மசாலித் இனத்தார் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். 2024 மே மாதம் முதல் எல் பாஷர் முற்றுகையிடப்பட்டது. ஆம், அந்த அடுப்புகளைப் பொருத்திக் கொடுத்த அதே ஊர். ஊரைச் சுற்றி மண்மேடு எழுப்பி வழியை அடைத்தார்கள். உள்ளே சோறு தீர்ந்தது. பிறகு மக்கள் அம்பாஸ் என்ற ஒன்றைத் தின்றார்கள். என்னவோ ஏதோ என்று தேடினேன். எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் கடலைப் பிண்ணாக்கு அது. எங்கள் வீட்டில் கறவை மாட்டுக்கு ஊறவைப்பது.

அந்தப் பிண்ணாக்கையாவது கிண்டிப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் யார்? ஐ.நா. வண்டிகள் நுழைய முடியவில்லை. ஊர் இளைஞர்களே கொடுத்தார்கள். போர் தொடங்கியதும் சூடான் முழுவதும் தெருவுக்குத் தெரு அவசர உதவிக் குழுக்கள் எழுந்தன. 2019-ல் சர்வாதிகாரி பஷீரை வீழ்த்திய போராட்டத்தில் தெருக்குழுக்களாக இருந்த பிள்ளைகளே இவற்றிலும் முன்நின்றார்கள். அறுவடைக்கும் வெள்ளத்துக்கும் ஊரே கூடி உழைப்பதை அங்கே “நஃபீர்” என்பார்கள். நம் ஊரில் கைம்மாற்றாக நாற்று நடப் போவதுபோல. அந்தப் பழக்கமே பொதுச் சமையற்கூடமாக மாறிற்று. வெளிநாட்டில் வாழும் சூடானியர் தங்கள் சம்பளத்தில் பிடித்துக் கைப்பேசி வழியே அனுப்பும் பணம் வந்தால் அன்று அடுப்பு எரியும், வராவிட்டால் எரியாது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது, நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள் மூடப்பட்டன. உலகின் மிகப் பெரிய அரசு கையை எடுத்துக்கொண்ட பின்னும், மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் சூடான் செவிலியின் பணம் மட்டும் நிற்கவில்லை. ஒரு மாணவனின் பத்து ரூபாய் என்ன செய்யும் என்று கேட்ட நண்பர்கள், ஒரு வேளைச் சோற்றின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இக்குழுக்களுக்கு 2025-ல் ஸ்வீடன் நாட்டின் வாழ்வுரிமைப் பரிசு கிடைத்தது. அதே அக்டோபரில்தான், பழைய ஜன்ஜவீத் தலைவன் அலி குஷாய்பை இருபது ஆண்டுக்கு முந்தைய கொலைகளுக்காகப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது. அதே மாதம் 26-ஆம் நாள் எல் பாஷர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து அங்கிருந்த மகப்பேற்று மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் உடனிருந்தோருமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தப்பியவர்கள் சுமார் அறுபது கிலோமீட்டர் நடந்து தவீலா என்ற சிற்றூருக்கு ஓடினார்கள். அங்கே அவர்களுக்கு முன்பே ஓடிவந்து கூரையில்லாமல் கிடந்தவர்கள் மூன்று கல் கூட்டிப் பானை ஏற்றியிருந்தார்கள்.